தொங்கும் பாதத்துக்கு ஒரு வில்: கார்பன் கணுக்கால் பிரேஸ் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் சப்பாத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று சித்தப்பாவுடையது. சித்தப்பாவின் பழைய வலது சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தால், மூக்கு நுனியில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் துணி தெரியும். குதிகால் பக்கம் புதுசு போலவே இருக்கும். அம்மாவின் இடது சப்பாத்து வேறு மாதிரி. அதில் சுண்டுவிரல் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் டாக்டர் சொன்ன பெயர் ஒன்றுதான்: ஃபுட் டிராப். பாதத்தை மேலே தூக்க முடியாமல் அது தொங்கிப்போவது.

சித்தப்பாவுக்கு வந்தது ஸ்லிப் டிஸ்க். மளிகைக் கடையில் முப்பது வருடம் அரிசி மூட்டை தூக்கியவர். கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பின் வேரை அழுத்திவிட்டது. அம்மாவுக்குப் பக்கவாதம். மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டதால் இடது கையும் இடது காலும் பலவீனமாகிவிட்டன.

ஒரு நாள் சித்தப்பா முழங்காலுக்குக் கீழே கருப்பாக ஒரு மெல்லிய தகட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை வரிசையைத் தாண்டி, யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அதையே வாங்கிக் கொடு, இந்த வெள்ளை பிளாஸ்டிக் வேணாம்" என்றார். அடுத்த முறை போனபோது பிசியோதெரபிஸ்டிடமே கேட்டார். "இப்ப வேணாம்மா. உங்க காலுக்கு இதுதான் சரி" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்.

நோயின் பெயர் ஒன்று, தொங்குவதும் அதே பாதம். அப்புறம் ஏன் ஒருவருக்குச் சரி, ஒருவருக்கு வேண்டாம்? அதைப் புரிந்துகொள்ளத்தான் நான் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். புரிந்ததை எழுதுகிறேன்.

சுண்டுவிரல் உயரம்

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை மட்டும் தூக்கிப் பாருங்கள். அப்படியே முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்புக்கு வெளிப்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு தசை இறுகி நிற்கும். பாதத்தைத் தூக்குவது அதுதான். அதற்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு கீழ் முதுகிலிருந்து புறப்பட்டு, தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வெளிப்பக்கத்தில் இருக்கும் எலும்பு முடிச்சைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் தோலுக்கும் நரம்புக்கும் நடுவில் பாதுகாப்பு மிகக் குறைவு. கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும், குந்தியே நீண்ட நேரம் வேலை செய்தாலும் அங்கே நரம்பு நசுங்கலாம். சிலருக்கு ஃபுட் டிராப் வருவது அதனால்தான்.

நடக்கும்போது ஒரு கால் தரையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 60 சதவீதம். காற்றில் முன்னால் வீசப்படும் நேரம் 40 சதவீதம். காற்றில் போகும் அந்தக் கணத்தில் கால்விரலுக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். சுண்டுவிரலைத் தரையில் படுக்க வைத்தால் என்ன உயரமோ, அவ்வளவுதான். நாம் எல்லோருமே தரையை உரசாமல் தப்பித்துத்தான் நடந்துகொண்டிருக்கிறோம். அந்தத் தசை கொஞ்சம் சோர்ந்தாலே போதும், விரல் இடறும்.

ஜார்ஜ் டவுன் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், நடந்து பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடையின் தரை ஒரு உயரம், அடுத்த கடையின் தரை இன்னொரு உயரம். நடுவில் வழவழ டைல்ஸ், மழை பெய்தால் ஈரம், ஓரத்தில் திறந்த சாக்கடை. பாதம் தொங்கும் ஒருவருக்கு அந்த இரண்டு விரற்கடை மேடு ஒரு சுவர் மாதிரி.

தூக்குவதோடு அந்த முன் தசையின் வேலை முடிவதில்லை. குதிகால் தரையில் பட்டதும் பாதத்தின் முன்பகுதியை மெதுவாக இறக்கி வைப்பதும் அதுதான். அது செயலிழந்தால் பாதம் 'டப்' என்று அறையும். சித்தப்பா மாடிப்படி இறங்குவதை நாங்கள் சமையலறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம். நடையில் மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது, அது வேறு தசையுடையது. அதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அடி எடுத்து வைக்கும் கடைசிக் கட்டத்தில் பின்னால் இருக்கும் கெண்டைச் சதை பாதத்தைத் தரையில் அழுத்தித் தள்ளுகிறது. நடையில் உடல் ஒரே மூச்சில் செலவிடும் பெரிய ஆற்றல் அதுதான். அந்தத் தள்ளல் இல்லையென்றால் காலை இடுப்பிலிருந்து இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

இவற்றில் எது போனாலும் உடம்பு வேறு வழி தேடிக்கொள்ளும். சித்தப்பா முழங்காலைப் படி ஏறுவது போல உயர்த்தி நடந்தார். அம்மா காலை வெளிப்பக்கமாக அரிவாள் வீசுவது போல வளைத்துக் கொண்டுவந்தார். இரண்டுமே நடக்க வைக்கும். ஆனால் நூறு அடி நடந்ததும் ஆளைக் களைக்க வைக்கும். இடுப்பையும் முதுகையும் கெடுக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக்கும் கருப்புத் தகடும்

கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேஸை மருத்துவமனைகளில் ஏ.எஃப்.ஓ. என்பார்கள். இதை அளவெடுத்துப் பொருத்துபவர் ஆர்த்தோட்டிஸ்ட். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

நாம் அதிகம் பார்ப்பது வெள்ளை நிற பிளாஸ்டிக் ஏ.எஃப்.ஓ. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அந்த அச்சின் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் பலகையைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்ட வைத்து, ஆறியதும் வெட்டி எடுப்பார்கள். பாதத்தை ஏறக்குறைய செங்கோணத்தில் பிடித்துக்கொள்ளும். தொங்காது, இடறாது. விலையும் கட்டுப்படியாகும். எங்கேயாவது உறுத்தினால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கிக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடலாம். இது பெரிய வசதி.

கார்பன் பிரேஸ் கருப்பாக, மெல்லியதாக இருக்கும். உள்ளங்காலுக்கு ஒரு தகடு, அங்கிருந்து காலின் பக்கமாகவோ பின்னாலோ ஏறும் ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு தாங்கி, கட்டுவதற்கு வார். அவ்வளவுதான். குதிகால் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

கார்பன் இழை என்பது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன் உள்ள நார். ஒருவகை செயற்கை நூலைக் காற்றுப் படாமல் 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கினால், மற்றதெல்லாம் ஆவியாகிப் போய்க் கரி மட்டும் நூல் வடிவத்திலேயே நின்றுவிடும். அந்த நூல்களைத் துணிபோல நெய்து, பிசினில் ஊறவைத்து, அடுக்கு அடுக்காக வைத்துச் சூட்டில் இறுக்குவார்கள். எத்தனை அடுக்கு, நூல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அந்தத் தகடு எங்கே வளைய வேண்டும், எங்கே விறைப்பாக நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம். ஓலையில் பாய் முடைகிறவர்களுக்கு இது உடனே புரியும்.

பொதுவாக எல்லோரும் "கார்பன் லேசானது, அதனால்தான் நல்லது" என்பார்கள். அது பாதிதான் உண்மை. வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கார்பன் தகட்டுத் துண்டு மூழ்கிவிடும். அதாவது, ஒரே கனஅளவுக்குப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் லேசு! கார்பன் பிரேஸ் லேசாக இருப்பதற்குக் காரணம், அது மிகவும் விறைப்பானது. அதனால் கொஞ்சமாகப் போட்டாலே போதும். எடை பாதத்தில் இருந்தால் இடுப்பில் இருப்பதைவிட நடப்பவரை அதிகம் களைக்க வைக்கும். கால் என்பது நுனியில் எடை தொங்கும் ஊசல் போன்றதல்லவா. எனவே அந்த லேசு பயன்தான். ஆனால் கார்பனின் உண்மையான சிறப்பு வேறு. அது வாங்கியதைத் திருப்பித் தரும்.

வளைந்து நிமிரும் கதை

சித்தப்பா ஒரு முறை பிரேஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "வளைச்சுப் பாரு" என்றார். அடித்தகட்டை மேசை விளிம்பில் அழுத்தி, மேல் தாங்கியை முன்னால் தள்ளினேன். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு மெதுவாக வளைந்தது. கையை எடுத்ததும் 'விண்' என்று பழைய இடத்துக்கு வந்துவிட்டது. லாரியின் பின் சக்கரத்துக்கு மேல் இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை, காகிதம் போன்ற எடையில்.

இனி ஓர் அடியை மெதுவாகப் பார்ப்போம். கால் காற்றில் வரும்போது அடித்தகடு பாதத்தைத் தாங்கி நிற்கிறது. விரல் தரையை உரசுவதில்லை. குதிகால் படும்போது தகடு சற்று வளைந்து கொடுப்பதால் பாதம் அறையாமல் இறங்குகிறது. அப்புறம் உடம்பு அந்தக் காலின் மேல் ஏறி முன்னால் போகிறது. முன்னெலும்பு முன்னால் சாயச் சாய, பிரேஸ் வில்லைப்போல வளைகிறது. அந்த வளைவில்தான் ஆற்றல் சேர்கிறது. அது சித்தப்பாவின் சொந்த உடல் எடையும் ஓட்டமும் கொடுத்த ஆற்றல். கடைசியில் குதிகால் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் வில் நிமிர்கிறது. காலை முன்னால் தள்ளிவிடுகிறது. கெண்டைச் சதையும் பலவீனமாக இருந்தால், அதன் வேலையில் ஒரு பகுதியை அந்தத் தகடு செய்துவிடுகிறது.

இதில் மோட்டாரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தானாக எந்த ஆற்றலையும் அது உண்டாக்குவதில்லை. நாம் கொடுத்ததில் பெரும்பகுதியைச் சரியான நேரத்தில் திருப்பித் தருகிறது. பிளாஸ்டிக்கும் வளையும்தான். ஆனால் வாங்கிய ஆற்றலில் கணிசமான பகுதியைத் தனக்குள்ளேயே சூடாகக் கரைத்துவிடும். நாளாக ஆகத் தளர்ந்தும் போகும்.

இந்த யோசனை முதலில் செயற்கைக் காலில் வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த வான் ஃபிலிப்ஸ் என்பவர் 1976இல், 21 வயதில், நீர்ச்சறுக்கு விளையாடும்போது நடந்த விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்போது கிடைத்த செயற்கைப் பாதம் அவருக்குப் பிடிக்கவில்லை. தானே படித்து, கார்பனில் வளைந்து நிமிரும் பாதத்தை உருவாக்கி, 1980களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று பாராலிம்பிக் ஓட்டக்காரர்கள் போட்டு ஓடும் வளைந்த கத்தி போன்ற கால்கள் அந்த வழியில் வந்தவை. கால் இருப்பவர்களுக்கும் அதே வில்லைக் கட்டிவிட்டால் என்ன என்பதுதான் கார்பன் ஏ.எஃப்.ஓ. 2009 வாக்கில் டெக்சஸில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில், போரில் கால் சிதைந்த வீரர்களுக்காக ஐடியோ என்ற கார்பன் பிரேஸை ரயன் பிளாங்க் உருவாக்கினார். காலை எடுத்துவிடலாமா என்று யோசித்த நிலையில் இருந்த சிலர் அதைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடினார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மாவுக்கு ஏன் வேண்டாம் என்றார்கள்

சித்தப்பாவின் பாதம் தளர்வானது. கையால் தூக்கினால் தூக்கிய இடத்துக்கு வரும். நரம்புக் கட்டளை வந்து சேராததால் தசை சும்மா இருக்கிறது. முழங்காலும் இடுப்பும் திடமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட காலுக்குக் கார்பன் வில் அருமையாகப் பொருந்தும்.

அம்மாவின் பாதம் அப்படியல்ல. பக்கவாதத்தில் தசை சும்மா இருப்பதோடு நிற்பதில்லை. மூளையின் கட்டுப்பாடு போனதால் கெண்டைச் சதை தன்னிச்சையாக இறுகிப் பாதத்தைக் கீழேயும் உள்ளேயும் முறுக்குகிறது. சப்பாத்தின் சுண்டுவிரல் ஓரம் தேய்ந்தது அதனால்தான். அந்த முறுக்கலை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். மெல்லிய கார்பன் தகடு முன்பின்னாக வளைவதற்கு ஏற்றது. பக்கவாட்டில் முறுக்கும் பாதத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்க அதற்குச் சுவர் இல்லை. அம்மாவின் வெள்ளை பிளாஸ்டிக்கில் கணுக்காலின் இரு பக்கமும் உயர்ந்த சுவர் இருக்கிறது. அது பாதத்தைக் கைக்குள் வைத்ததுபோல் பிடித்துக்கொள்கிறது.

பக்கவாதம் வந்த எல்லோருக்கும் கார்பன் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. இறுக்கம் குறைவாக இருப்பவர்கள் போட்டு நன்றாக நடக்கிறார்கள். இறுக்கம் அதிகம், கணுக்கால் மூட்டு இறுகிப்போய் செங்கோணத்துக்கே வராது, கால் காலையில் ஒரு அளவு மாலையில் ஒரு அளவு என்று வீங்கும், காலில் ஆறாத புண் இருக்கிறது என்றால்தான் ஆர்த்தோட்டிஸ்டுகள் தயங்குவார்கள்.

முழங்காலையும் பார்க்க வேண்டும். நிற்கும்போது முழங்கால் மடங்கிவிடும் என்றால், தாங்கி முன்பக்கம் இருக்கும் பிரேஸ் உதவும். முன்னெலும்பு முன்னால் சரிவதை அது தடுத்து முழங்காலை நிமிர்த்தி வைக்கும். முழங்கால் பின்னால் வளைந்து பூட்டிக்கொள்கிறவருக்கு அதே தாங்கி கெடுதல் செய்யலாம். அவருக்குப் பின்பக்கத் தாங்கி வேண்டியிருக்கும். விறைப்பும் அப்படித்தான். ஆளின் எடைக்கும் நடைக்கும் மீறி விறைப்பாக இருந்தால் கட்டைமேல் நடப்பதுபோல் இருக்கும். ரொம்ப இளகினால் தள்ளாது. அதனால் இணையக் கடையில் படத்தைப் பார்த்து அளவு எஸ், எம் என்று ஆர்டர் செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்ய இருந்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

செருப்பும் கோயிலும்

கார்பன் பிரேஸ் தனியாக வேலை செய்யாது. சப்பாத்தும் அதுவும் சேர்ந்துதான் ஒரு கருவி. சப்பாத்தின் உள்ளே இருக்கும் மெத்தையை எடுத்துவிட்டு, அடித்தகட்டை வைத்து, அதன் மேல் மெத்தையைப் போட்டு, அப்புறம்தான் பாதம். வெறும் தகட்டின் மேல் பாதத்தை வைக்கக் கூடாது. சப்பாத்து நன்றாக விரிந்து திறக்க வேண்டும், குதிகாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குதி உயரம் மாறினாலும் சிக்கல்: உயரமான குதி முன்னெலும்பை முன்னால் தள்ளி முழங்காலை மடக்கும், தட்டையான குதி பின்னால் தள்ளும். எந்தச் சப்பாத்தில் வைத்துச் சரிபார்த்தார்களோ, புதிது வாங்கும்போதும் அதே உயரத்தில் வாங்குவது நல்லது.

நம் வீடுகளில் இங்கேதான் இடிக்கிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் பிரேஸும் கழன்றுவிடும். வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் பிரேஸை மட்டும் போட்டு நடந்தால் வழுக்கும். சித்தப்பா வீட்டுக்குள் போட என்றே ஒரு ஜோடி வைத்திருக்கிறார், வெளியே கொண்டுபோவதே இல்லை. சித்திக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "வீட்டுக்குள்ள சப்பாத்தா?" என்றார். சித்தப்பா ஒரு முறை குளியலறை வாசலில் விழுந்த பிறகு, சித்தியே அந்த ஜோடியைக் கழுவி வெயிலில் காய வைக்கிறார்.

கோயில் இன்னும் கஷ்டம். தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. கணுக்காலைச் சுற்றிக் கட்டி, வாரால் பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் துணிப் பட்டைகள் கிடைக்கின்றன. சிலவற்றை வெறுங்காலிலும் போடலாம். கார்பன் போலத் தள்ளாது, ஆனால் விரல் இடறாது. அதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை இந்த வருடம் கீழே நின்றே கும்பிட்டார்.

நம் சூட்டுக்கும் வியர்வைக்கும் முழங்கால்வரை நீண்ட பருத்திக் காலுறை அவசியம். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போட்டு, மெல்லக் கூட்ட வேண்டும். கழற்றியதும் காலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைந்துவிட்டால் பரவாயில்லை. மறையாவிட்டால் மறுபடி போடாமல் ஆர்த்தோட்டிஸ்டிடம் காட்டுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் இதில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது; நம் இந்தியர்களிடையே விகிதம் அதைவிட அதிகம். நீரிழிவு பாதத்தை மரத்துப்போக வைக்கும். உறுத்துவதே தெரியாமல் புண்ணாகிவிடும். அம்மாவின் உள்ளங்காலை நான் தினமும் இரவு டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கார்பனை வீட்டில் வெட்டவோ துளைக்கவோ கூடாது. அதன் சிம்பு கையில் ஏறும், தகடும் பலமிழக்கும். நடக்கும்போது புதிதாக 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, அடுக்கு பிரிந்து ஓரம் பிசிறு தட்டினாலோ நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் மெதுவாகத் தளரும். கார்பன் முறிந்தால் சட்டென்று முறியும்.

விலை பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு. பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சந்தா கட்டியவர்கள், அங்கே மறுவாழ்வுச் சலுகையின் கீழ் விசாரியுங்கள். ஓ.கே.யூ. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை இருப்பவர்கள் சமூக நல இலாகாவில் உபகரண உதவிக்கு மனு செய்யலாம். இரண்டுக்கும் மருத்துவரின் கடிதம் வேண்டும். பணம் கட்டி வாங்கிய பிறகு கேட்பதைவிட, வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை. தினமும் காலை சுவரைப் பிடித்து நின்று கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சி செய்கிறார். இறுக்கம் கொஞ்சம் குறைந்திருப்பதாக பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். வரும்போது அந்தப் பழைய இடது சப்பாத்தையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அம்மா அதைத் துடைத்து, பையில் போட்டு, இப்போதே வாசலில் மாட்டி வைத்துவிட்டார்.